எந்த வகை ரத்தப் புற்று? செல்லின் புரதங்கள் தரும் விடை

குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லை. முகம் வெளிறிவிட்டது, ஈறில் ரத்தம் கசிகிறது. பரிசோதித்தால் ரத்தத்தில் முதிராத வெள்ளணுக்கள் குவிந்திருக்கின்றன. தீவிர லுகேமியாதான், ஆனால் லிம்போ வகையா, மைலாய்டு வகையா? மருந்தும் சிகிச்சைக் காலமும் இரண்டுக்கும் வேறு. மைக்ரோஸ்கோப்பிலோ இரண்டும் பல நேரம் ஒன்றுபோலவே தெரியும்.

காட்டிக்கொடுப்பவை செல்லின் புரதங்கள். லிம்போ வகையைச் சேர்ந்த பி செல்லில் சிடி19, டி செல்லில் சிடி3; மைலாய்டு செல்லில் சிடி13, சிடி33. இந்த எண் வரிசை 1982-இல் பாரிஸில் கூடிய அறிஞர்கள் வகுத்தது. ஒரே புரதத்தை மட்டும் பற்றும் ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியை 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் கண்டிராவிட்டால் இந்தப் புரதங்களைத் தேடும் பரிசோதனையே இல்லை.

இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையில், ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகளைக் கலந்து சிறிது நேரம் இருட்டில் வைக்கிறார்கள். சிவப்பணுக்களை உடைத்து நீக்கியபின், ஃப்ளோ சைட்டோமீட்டரில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியைக் கடக்கின்றன, நொடிக்கு ஆயிரக்கணக்கில். திரையில் ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளி. முதிர்ந்த லிம்போசைட்டுகளில் சிடி45 பளிச்சென்று ஒளிரும். முதிராதவற்றில் பெரும்பாலும் மங்கும். மங்கிய அந்தக் கூட்டத்தைத்தான் நிபுணரின் கண் முதலில் தேடும்.

ஒரே ஒரு புரதத்தை நம்பி முடிவு சொல்லவே கூடாது. மைலாய்டு அடையாளமான சிடி33, சில லிம்போ லுகேமியாக்களிலும் தலைகாட்டும். மாதிரி தாமதமாக வந்தால் இறந்த செல்களில் ஆன்டிபாடி கண்டபடி ஒட்டி ஏமாற்றும். இல்லாத புரதமும் பேசும்: மைலாய்டு செல்களில் சிடி34, எச்எல்ஏ-டிஆர் இரண்டுமே இல்லையென்றால் புரோமைலோசைட்டிக் லுகேமியாவோ என்ற சந்தேகம் எழ வேண்டும். ரத்தக்கசிவால் சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடிய நோய் அது. சந்தேகம் வலுத்தாலே, மரபணு முடிவுக்குக் காத்திராமல் ஏட்ரா மருந்தைத் தொடங்கிவிடுவார்கள்.

சிகிச்சைக்குப் பின்னும் இந்தப் பரிசோதனைக்கு வேலை உண்டு. 10,000 செல்களில் ஒன்றாக எஞ்சியிருக்கும் புற்றுச் செல்லைக்கூட இந்த முறை கண்டுபிடிக்கும். ஆனால் டி செல்களை மாற்றியமைத்து சிடி19-ஐக் குறிவைக்கும் கார்-டி சிகிச்சை, 2023-இல் அனுமதி பெற்ற இந்தியத் தயாரிப்பு உட்பட, புதுச் சிக்கலைக் கொண்டுவந்திருக்கிறது. தப்பிய செல்கள் சிடி19-ஐயே இழந்துவிடலாம். அப்போது சிடி22, சிடி24 வழியாகத் தேட வேண்டும். நோயாளி அந்தச் சிகிச்சை பெற்றவர் என்பதை மருத்துவர் பரிசோதனைப் படிவத்தில் எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால், திரும்பிவந்த நோய் ஆய்வகத்தின் கண்ணில் படாமலே போகலாம்.