பெரிதாக்கினால் மாறும் நிறமாலை

கடல்மட்டம், நிலநடுக்கம், இதயத்துடிப்பு என நேரத்தோடு மாறிவரும் எந்த அளவையும் சீரான இடைவெளியில் பதிந்து வரிசைப்படுத்தினால் கிடைப்பது காலத்தொடர்த் தரவு எனப்படும். அதனை நேர அச்சில் வரைந்தால் எப்போது என்ன நடந்தது என்பது தெரியும். அதையே ஃபூரியே உருமாற்றம் என்னும் கணித முறையால் வெவ்வேறு அதிர்வெண் கொண்ட அலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வலிமையையும் வரைந்தால் நிறமாலை என்னும் இரண்டாவது படம் கிடைக்கும். ஆய்வாளரின் திரையில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். மேற்படத்தில் ஒரு பகுதியைப் பெரிதாக்கும்போது கீழ்ப்படம் எப்படி மாற வேண்டும் என்பது தோன்றுமளவுக்கு எளிய கேள்வியன்று.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதைப் பார்ப்போம். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் உள்ள லைகோ கருவிகள், இரு கருந்துளைகள் இணைந்தபோது எழுந்த ஈர்ப்பலையை முதன்முறையாக நேரடியாகப் பதிவு செய்தன. பின்னர் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட அத்தரவில், நொடிக்கு 4,096 மாதிரிகள் வீதம், அதாவது ஒவ்வொரு நொடியிலும் அத்தனை முறை எடுத்த அளவுகளாக, 32 நொடிக் கோப்பு ஒன்றில் 1,31,072 எண்கள் அடங்கியுள்ளன. கோப்பு முழுவதற்கும் நிறமாலை வரைந்தால், 60 ஹெர்ட்ஸில் அமெரிக்க மின்விநியோகத்தின் அதிர்வும், 500 ஹெர்ட்ஸ் அருகே கருவியின் கண்ணாடிகளைத் தாங்கும் இழைகளின் அதிர்வும் ஊசிகளாக எழுந்து நிற்கின்றன. தேடிவந்த ஈர்ப்பலையோ கண்ணில் படுவதேயில்லை, அது நீடித்தது ஏறத்தாழ 0.2 நொடி மட்டுமே என்பதால், மீதி நேரத்து இரைச்சல் அதை விழுங்கிவிடுகிறது.

அந்த 0.2 நொடியை மட்டும் பெரிதாக்கிய பின்னும் கீழ்ப்படம் அசையாமல் நின்றால், பார்ப்பவர் ஒரு துண்டின் அலைக்கு முழுக்கோப்பின் நிறமாலையை விளக்கமாகக் கொள்ள நேரும். எனவே தெரியும் பகுதியிலுள்ள 819 மாதிரிகளைக் கொண்டு உருமாற்றத்தை மீண்டும் கணக்கிட வேண்டும். இதற்கு ஆகும் நேரம் இன்று ஒரு பொருட்டல்ல: நேரடி முறையில் ஏறத்தாழ 1,700 கோடி பெருக்கல்களைக் கேட்கும் முழுக்கோப்பே, கூலியும் டூக்கியும் 1965இல் வெளியிட்ட விரைவு முறையில் 22 லட்சம் அளவிலான செயல்களில் முடிந்துவிடுகிறது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. திரையின் அகலத்தில் ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகளுக்கே இடம் உண்டு என்பதால், வரைபடக் கருவிகள் பலவும் மாதிரிகளைக் குறைத்துக் காட்டுகின்றன; அவசரத்தில் அந்தக் குறைத்த புள்ளிகளிலிருந்தே நிறமாலையைக் கணக்கிட்டுவிடுவோரும் உண்டு. 128 மாதிரிகளுக்கு ஒன்று என எடுத்தால் வீதம் நொடிக்கு 32 ஆகச் சுருங்கும். மாதிரி வீதத்தில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்ணை எந்தத் தரவும் உள்ளபடி காட்டாது என்பதால், 60 ஹெர்ட்ஸ் மின்னதிர்வு 4 ஹெர்ட்ஸில் வேடமிட்டு வந்து நிற்கும். படம் அழகாகவே இருக்கும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

மூல மாதிரிகளையே எடுத்துக் கணக்கிட்டாலும் ஓர் இழப்பு தவிர்க்க முடியாதது. நிறமாலை பிரித்துக்காட்டும் மிகச்சிறிய அதிர்வெண் இடைவெளி, ஒன்றைக் காலநீளத்தால் வகுத்தால் கிடைப்பது. 32 நொடிக்கு அது 0.03 ஹெர்ட்ஸ் அளவாக இருக்க, 0.2 நொடிக்கு 5 ஹெர்ட்ஸாகப் பருத்துவிடுகிறது. ஊசியாக நின்ற மின்னதிர்வு மேடாகப் பரவுவது இதனால்தான். இது மென்பொருளின் பிழையன்று. துண்டின் இரு முனைகளிலும் பூச்சியங்களைச் சேர்த்து நீட்டினால் கோடு வழவழப்பாகுமே தவிர, புதிய விவரம் எதுவும் வராது. அந்த 0.2 நொடிக்குள்ளேயே ஈர்ப்பலையின் அதிர்வெண் 35 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது; அந்த ஏற்றத்தைப் படிப்படியாகக் காண 0.05 நொடித் துண்டுகளாக நறுக்கினால் இடைவெளி 20 ஹெர்ட்ஸ் ஆகிறது. நேரத்தில் கிட்டும் கூர்மைக்கு அதிர்வெண்ணில் விலை கொடுத்தே ஆக வேண்டும்.

வெட்டிய விளிம்புகளும் தொல்லை தருபவை. உருமாற்றம் ஒவ்வொரு துண்டையும் முடிவின்றித் திரும்பத்திரும்ப வரும் அலையாகவே கருதுவதால், தொடக்கமும் முடிவும் பொருந்தாத இடத்தில் எழும் திடீர்த் தாவல் நிறமாலை முழுவதிலும் கசிகிறது. லைகோ தரவில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள இரைச்சல் மிக வலுவானது என்பதால் கசிவும் பெரிது. துண்டின் விளிம்புகளைப் பூச்சியத்தை நோக்கி மெல்லத் தாழ்த்தும் சாளரச் சார்புகள் இதைக் குறைக்கின்றன. ஆனாலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் இயல்பானது என்பதை 819 மாதிரிகளால் சொல்ல முடியாது. அதை நீண்ட தரவுதான் சொல்லும். ஆகவே பெரிதாக்கும்போது பழைய நிறமாலையை அழிப்பதைவிட, மங்கிய கோடாகப் புதியதற்குப் பின்னால் நிறுத்திவைப்பதே மேல். முழுத்தரவின் உருமாற்றத்தை அந்த நெடுநேர இரைச்சல் அளவால் வகுத்து, மீண்டும் நேர அலையாக்கி, அதன்பிறகே துண்டை வெட்டினால், மேற்படத்தில் அலைகள் நெருங்கிக்கொண்டே போவதும், கீழ்ப்படத்தில் சில பத்து ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை படர்ந்த ஒரு மேடு இரைச்சலுக்கு மேலே எழுவதும் ஒரே திரையில் தெரியும்.