சட்டையின் சாயம் யாருக்குச் சொந்தம்?

காஞ்சிபுரத்துக்காரர்களிடம் நிறத்தைப் பற்றிப் பேசும்போது ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை கேட்டு வந்தவருக்குப் பச்சைக் கரையைக் காட்டிச் சமாதானம் சொல்லிவிட முடியாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் மூன்று நாடா ஓட்டி, பக்கத்தில் துணைக்கு ஓர் ஆளையும் வைத்துக்கொண்டு, கோர்வை போட்டு நெய்கிறார்கள். இரண்டு நிறமும் ஒன்றில் ஒன்று கலங்கிவிடாமல் தனித்தனியே பளிச்சென்று நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடும். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய நீலத்துக்கு 'எம்.எஸ். நீலம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த நிறத்தை நெய்து கொடுத்தவரும் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார்தான்.

ஆகவே, ஒரு கால்பந்துக் கோஷ்டியின் சட்டை நிறத்துக்காகவும், அதன் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட மூன்று எழுத்துக்காகவும் ஆயிரக்கணக்கான பேர் வருஷக்கணக்கில் போராடினார்கள் என்று சொன்னால், ஓரிக்கையில் தறியடியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளி அதைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட மாட்டார். "என்ன நிறம்?" என்றுதான் முதலில் கேட்பார்.

பச்சையும் அரக்கும்!

கல்கத்தாவின் பச்சையும் அரக்கும்

நம் ஊர்ப் புடவைக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் இந்த ஜோடி, கல்கத்தாவில் 'மோகன் பகான்' கோஷ்டியின் அடையாளம். 1889-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி பிறந்த கிளப் அது. 1911-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதிப் பந்தயத்தில், கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்டின் கோஷ்டியை 2-1 என்ற கணக்கில் அது வென்றது. எதிரே பூட்ஸ் அணிந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். இங்கே ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்கால். அடிமை நாட்டில் அந்த வெற்றி வெறும் விளையாட்டாக இருக்கவில்லை. இன்றும் அந்தத் தேதியை 'மோகன் பகான் தினம்' என்று கொண்டாடுகிறார்கள்.

எதிர்க் கோஷ்டியான ஈஸ்ட் பெங்கால் 1920-ல் தோன்றியது. அதன் நிறம் சிவப்பும் பொன்மஞ்சளும். மோகன் பகான் ஜெயித்தால் இறால்; ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன். நிறத்தைச் சொன்னால், எந்த வீட்டு அடுப்பில் எந்த மீன் என்று தெரிந்துவிடும்!

1998-ல் இந்த இரு கிளப்புகளுக்கும் ஒரே இடத்திலிருந்து பணம் வந்தது. மது வியாபாரத்தில் பெயர்பெற்ற யுனைடெட் புருவரீஸ் ஸ்தாபனம் உள்ளே நுழைந்தது. ஒன்று 'மெக்டவல் மோகன் பகான்' ஆயிற்று. மற்றது 'கிங்பிஷர் ஈஸ்ட் பெங்கால்' ஆயிற்று. பகைவர் இருவரின் மார்பிலும் ஒரே முதலாளியின் இரண்டு சரக்குகள்! மதுவுக்கு நேரடியாக விளம்பரம் செய்ய இடமில்லாத நாட்டில் சோடாவும் தண்ணீரும் அந்தப் பெயர்களைச் சுமந்தன. கால்பந்தும் சேர்ந்து சுமந்தது. ஆனால் பச்சை பச்சையாகவே இருந்தது. சிவப்பு சிவப்பாகவே இருந்தது. கசப்பை விழுங்கிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

மூன்று எழுத்துச் சண்டை

2020-ம் வருஷ விவகாரம் வேறு தினுசு. ஜனவரி 16-ந் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. மோகன் பகானின் கால்பந்துப் பிரிவும், 2014-ல் தோன்றிய ஏ.டி.கே. என்ற கோஷ்டியும் ஒன்றாகின்றன. புதிய கம்பெனியில் ஆர்.பி.எஸ்.ஜி. நிறுவனத்துக்கு 80 சதவிகிதம், மோகன் பகானுக்கு 20 சதவிகிதம் என்றார்கள். ஏ.டி.கே.யின் சட்டை, ஸ்பெயின் தேசத்து அட்லெட்டிகோ மாட்ரிட் கிளப்பிடமிருந்து வந்த சிவப்பு-வெள்ளைக் கோடு. கல்கத்தாவில் சிவப்பு யாருடைய நிறம் என்று மேலே பார்த்தோம். மோகன் பகான் அபிமானிகளின் வயிற்றில் புளியைக் கரைத்தது என்றால் ஆச்சரியமில்லை.

ஜூலை 10-ந் தேதி தீர்ப்பு வந்தது. பச்சையும் அரக்கும் நிலைக்கும். பாய்மரப் படகுச் சின்னமும் நிலைக்கும். பெயர் மட்டும் 'ஏ.டி.கே. மோகன் பகான்'. நிறம் பிழைத்தது, ஆனால் படகின் மேல் மூன்று எழுத்து ஏறி உட்கார்ந்தது.

இங்கேதான் ரசிகர்கள் பிரிந்தார்கள்.

ஒரு சாரார் கணக்குப் பார்த்தார்கள். "இன்றைய லீக் பந்தயத்தில் ஆடக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். உண்டியல் குலுக்கி வெளிநாட்டு ஆட்டக்காரனை வாங்க முடியுமா? கிளப் பிழைத்தால்தானே நிறம் பிழைக்கும்?" என்பது அவர்கள் கட்சி.

மற்றொரு சாரார், "131 வயதுப் பாட்டனாரின் பெயருக்கு முன்னால் ஆறு வயதுப் பிள்ளையின் பெயரா? பணம் போட்டவர் பலகையில் எழுதட்டும், நெற்றியில் எழுதக் கூடாது" என்றார்கள். ஏ.டி.கே.யை நீக்கு என்பதே அவர்களுடைய ஒரே கோஷம். பேனர் பிடித்தார்கள், ஊர்வலம் போனார்கள், சிலர் மைதானத்துக்கே போகாமல் நின்றுவிட்டார்கள்.

மூன்றாவது வகையினர்தான் பாவம். மனத்தில் கோபம்; ஆனால் ஆட்டம் ஆரம்பித்துவிட்டால் கால் தானாக மைதானத்துக்குப் போய்விடுகிறது. எந்த ஊரிலும் பெரும்பான்மை இவர்கள்தான் எனலாம்.

2023-ம் வருஷம் மார்ச்சு 18-ந் தேதி கோவாவில் இறுதிப் பந்தயம். பெங்களூர் கோஷ்டியைப் பெனால்டி உதைகளில் வென்று கோப்பையைத் தூக்கிய அதே இரவில், முதலாளி சஞ்சீவ் கோயங்கா அறிவித்தார்: ஏ.டி.கே. போய்விடும். ஜூன் முதல் 'மோகன் பகான் சூப்பர் ஜயண்ட்' என்று பெயர் மாறிற்று. சூப்பர் ஜயண்ட்டும் முதலாளியின் கிரிக்கெட் கோஷ்டியிலிருந்து வந்த வால்தான். ஆனாலும் தலை திரும்பக் கிடைத்ததே என்று பலர் சமாதானமானார்கள். அதற்குப் பிறகு கோஷ்டி நொடித்துப் போகவில்லை. 2024-25 பருவத்தில் லீக் கேடயத்தையும் கோப்பையையும் சேர்த்தே வென்றது. ரசிகர் சொல்லைக் கேட்டதால் நஷ்டம் ஏதுமில்லை என்பதற்கு இது சாட்சி.

நீலப் பறவைக்குச் சிவப்புச் சட்டை

நிறமே பறிபோனால் என்ன ஆகும்? அதற்கும் உதாரணம் உண்டு. வேல்ஸ் நாட்டின் கார்டிப் நகரக் கிளப்புக்கு 'நீலப் பறவைகள்' என்று செல்லப் பெயர். நூறு வருஷத்து நீலம் அது. மலேசியக் கோடீசுவரர் வின்சென்ட் டான் அதன் முதலாளியானார்; சட்டையின் மார்பில் 'மலேசியா' என்ற சொல்லும் வந்தது. 2012-ல் அவர், சட்டை இனிச் சிவப்பு என்றார். சிவப்பு ராசியான நிறம், ஆசியாவில் எடுபடும் நிறம் என்பது அவர் வாதம். நீலப் பறவை சின்னத்தின் அடியில் சுருங்கிற்று. சிவப்பு டிராகன் மேலே ஏறிற்று.

முதலில் எதிர்ப்புக் கிளம்பியதும் யோசனையைக் கைவிட்டதாகச் சொன்னார்கள். பிறகு, பெரும் முதலீட்டுடன் அதே யோசனை திரும்பி வந்தது. ரசிகர் சிலர், கடன் தீருமே என்று தலையாட்டினார்கள். வேறு சிலர் நீலத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சிவப்புக் கோஷ்டிக்குக் கை தட்டினார்கள்!

வேடிக்கை என்னவென்றால், மறு வருஷமே கார்டிப் 51 வருஷத்துக்குப் பின் முதல் வரிசை லீக்குக்கு உயர்ந்தது. ராசி பலித்தது போலத்தான் தெரிந்தது. 2014-ல் மறுபடி கீழே இறங்கியது. மைதானத்தில் காலி இருக்கைகள் பெருகின. 2015 ஜனவரியில் டான் நீலத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஒற்றுமையும் சந்தோஷமும்தான் முக்கியம் என்று தம் தாயார் சொன்னதையும் அவர் குறிப்பிட்டார். கோடீசுவரருக்கும் அம்மா சொல் அம்பலம் ஏறியது!

மார்பில் யார் பெயர்?

சட்டையில் வியாபாரப் பெயர் போடும் வழக்கம் ஒன்றும் ஆதிகாலத்து வழக்கமல்ல. இங்கிலாந்தில் 1976-ல் கெட்டரிங் டவுன் என்ற சின்னக் கிளப் 'கெட்டரிங் டயர்ஸ்' என்று மார்பில் எழுதிக்கொண்டு ஆடியது. சங்கம் உடனே அழிக்கச் சொன்னது. கிளப் அழித்தது, ஆனால் 'டயர்ஸ்' என்பதன் முதல் எழுத்தை மட்டும் விட்டுவைத்தது. கேட்டதற்கு, "அது டவுன் என்ற எங்கள் பெயரின் முதல் எழுத்து" என்று சாதித்தது! இந்தச் சாமர்த்தியத்திலிருந்து வளர்ந்த வியாபாரம்தான் இன்று கோடிகளில் நடக்கிறது.

பார்சிலோனா கிளப் 2006-ல் குழந்தைகளுக்கான யுனிசெப் ஸ்தாபனத்தின் பெயரைப் போட்டுக்கொண்டு, அதற்குத் தானே பணமும் கொடுத்தது. உலகமே மெச்சிற்று. 2011-ல் கத்தார் நாட்டு ஸ்தாபனத்தின் பெயரைப் பணம் வாங்கிக்கொண்டு போட்டது; ரசிகர் பலருக்கு முகம் சுளித்தது. சவூதி அரேபிய அரசின் முதலீட்டு நிதி 2021-ல் நியூகாசில் கிளப்பை வாங்கியது. மறு வருஷம் வந்த மாற்றுச் சட்டை வெள்ளையும் பச்சையுமாக, சவூதி தேசிய அணியின் சட்டை போலவே இருந்தது. கிளப்பின் சொந்த நிறமோ கறுப்பும் வெள்ளையும்!

சூதாட்டக் கம்பெனிகளின் பெயரோ இன்னும் பெரிய தலைவலி. சட்டையின் முன்புறத்திலிருந்து அவற்றை 2025-26 பருவத்தோடு எடுத்துவிடுவது என்று இங்கிலாந்தின் பிரிமியர் லீக் கிளப்புகள் 2023-ல் தாமாகவே முடிவு செய்தன. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டம் வந்ததும், இந்தியக் கிரிக்கெட் அணியின் மார்பிலிருந்து டிரீம் லெவன் மறைந்தது. அடுத்த மாதம் நடந்த ஆசியக் கோப்பையை நம்மவர்கள் வியாபாரப் பெயர் எதுவும் இல்லாத சட்டையிலேயே ஆடினார்கள். ஒன்றும் குறைந்துவிடவில்லை, வெற்றியும் கிடைத்தது.

சின்னத்துக்காக இவ்வளவு ரகளையா என்று காஞ்சிபுரத்தில் யாரும் கேட்க முடியாது. கோயில் யானையின் நெற்றியில் வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று நீதிமன்றம் வரை போன ஊர் அல்லவா இது! தமிழ்நாட்டில் வேட்டிக் கரையைப் பார்த்தே கட்சி சொல்லிவிடலாம். நாளைக்கு ஒரு பணக்காரர் வந்து, "கட்சிச் செலவெல்லாம் என்னுடையது, கரையின் நிறத்தை மட்டும் மாற்றுங்கள்" என்றால் தொண்டன் சும்மா இருப்பானா?

ஓரிக்கை சொல்லும் நியாயம்

ஓரிக்கைக்கு அந்தப் பெயர் வந்த கதை ஊரறிந்தது. திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ ராஜா நாடு கடத்தினான். சீடர் போனார், ஆழ்வாரும் போனார், ஆழ்வார் சொற்படி திருவெஃகாவில் சயனித்திருந்த பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓரிரவிருக்கை'. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். நகரம் இருண்டு போயிற்று. ராஜா ஓடி வந்து மன்னிப்புக் கேட்டான். அனைவரும் திரும்பினார்கள். பெருமாளுக்கும் 'சொன்ன வண்ணம் செய்தவர்' என்ற திருநாமம் நிலைத்தது.

கிளப் முதலாளிகள் இந்தக் கதையைக் கேட்பது நல்லது. அரண்மனையும் கஜானாவும் ராஜாவிடம் அப்படியே இருந்தன. ஒரே ஒரு பக்தன் வெளியேறினான். பின்னோடு ஊரின் வெளிச்சமும் வெளியேறிவிட்டது. மைதானத்தை வாங்கலாம், ஆட்டக்காரனை வாங்கலாம். பிடிவாதமாக ஒரே நிறத்துக்குக் கை தட்டும் மனத்தை வாங்க முடியாது. அது போய்விட்டால் விளம்பரக்காரன் மட்டும் எதற்கு வரப்போகிறான்?

ரசிகர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பணமில்லாமல் பந்து உருளாது. பாவுக்குப் பட்டும் சரிகையும் கொடுக்கும் முதலாளி இல்லாவிட்டால் தறி சும்மாதான் நிற்கும். ஆகவே வியாபாரப் பெயரே கூடாது என்பது நடவாத காரியம். நிறம், சின்னம், பெயர் மூன்றையும் ரசிகர்களைக் கேட்காமல் தொடக் கூடாது. குடியையும் சூதையும் சிறுபிள்ளைகள் வாங்கி அணியும் சட்டையில் ஏற்றக் கூடாது. இவ்விரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சரக்குக் கொடுத்தவர் முதலாளி, நெய்தவர் நெசவாளி; ஆனால் புடவையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் காப்பாற்றுகிறவள் உடுத்துகிறவள்தான். கிளப்பின் சட்டையையும் அப்படிக் காப்பாற்றி வருகிறவர்கள் ரசிகர்கள். சாயத்தை மாற்றுவதற்கு முன் அவர்களை ஒரு வார்த்தை கேட்பதுதான் மரியாதை.