இரண்டு கோடு விழுந்தால் என்ன அர்த்தம்? – பூனை லுகேமியா வைரஸ் பற்றி

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், மாடிப்படிக்கு அடியில் கிடந்த குட்டிப் பூனையை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். ஏற்கனவே வீட்டில் இருந்த நான்கு வயதுப் பூனை இரண்டு நாள் சீறியது. மூன்றாம் நாள் குட்டியை நக்கிவிட ஆரம்பித்துவிட்டது. இரண்டுக்கும் ஒரே கிண்ணத்தில் சாப்பாடு.

மூன்று வாரம் கழித்து குட்டி சோர்ந்து படுத்தது. டாக்டர் ரத்தம் எடுத்து டெஸ்ட் கிட்டில் ஒரு சொட்டு விட்டார். இரண்டு கோடு விழுந்தது. "எஃப்இஎல்வி பாசிடிவ். பெரிய பூனைக்கும் வந்திருக்கும். என்ன செய்யலாம்னு யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். எதை யோசிக்கச் சொல்கிறார் என்று என் மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் கொஞ்ச நேரம் ஆனது.

அன்று இரவு படிக்க ஆரம்பித்ததன் சுருக்கம் இது. நான் கால்நடை மருத்துவன் இல்லை, மென்பொருள் ஆள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது 1964இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில். ஒரே வீட்டில் வளர்ந்த பல பூனைகளுக்கு லிம்போமா எனும் புற்றுநோய் வந்திருந்தது. புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது, அப்புறம் எப்படி ஒரே வீட்டில் இத்தனை? வில்லியம் ஜாரெட்டும் குழுவினரும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது வைரஸ் துகள்கள் தெரிந்தன. ஒட்டியது புற்றுநோய் இல்லை, அதை உண்டாக்கும் வைரஸ்.

பெயரில் லுகேமியா இருந்தாலும் ரத்தப் புற்றுநோய் இதன் ஒரு முகம்தான். கடுமையான ரத்தசோகை, எதிர்ப்புசக்தி குறைந்து வரும் பிற தொற்றுகள், லிம்போமா எல்லாமே இதனால் வரும். முக்கியமாகப் பரவுவது எச்சில் வழியாக: நக்கிவிடுவது, ஒரே கிண்ணம், கடி. தாயிடமிருந்து குட்டிக்கும் போகும். அதாவது, எங்கள் வீட்டில் பாசமாகத் தெரிந்ததே பரவும் வழி. மனிதர்களுக்குத் தொற்றுவதாக இதுவரை ஆதாரம் இல்லை. உடலுக்கு வெளியே இந்த வைரஸ் அதிக நேரம் தாங்காது, சோப்புத் தண்ணீரே போதும்.

இனி முக்கியமான விஷயம். இது ஒரு ரெட்ரோவைரஸ். தன்னிடமுள்ள ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, பூனையின் செல்லில் உள்ள டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடும். இப்படி மாற்றித் தரும் நொதியை 1970இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள், 1975இல் நோபல் பரிசும் வந்தது. செருகப்பட்ட பிரதிக்குப் பெயர் புரோவைரஸ். நம்ம பாஷையில் சொன்னால், அந்நியக் கோடு மெயின் புரோகிராமோடு மெர்ஜ் ஆகிவிட்டது. ஆனால் மெர்ஜ் ஆன கோடு எல்லாம் ரன் ஆக வேண்டும் என்று இல்லையே!

டாக்டர் பயன்படுத்திய கிட் தேடுவது பி27 என்ற வைரஸ் புரதத்தை. அதாவது, "இந்தக் கோடு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறதா?" என்பதுதான் அதன் கேள்வி. புரோவைரஸைத் தேடும் பிசிஆர் கேட்பது வேறு: "கோடு உள்ளே இருக்கிறதா?" இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் வர வேண்டும் என்று இல்லை.

வைரஸைச் சந்தித்த பூனைக்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும். முதலாவது, உடல் ஆரம்பத்திலேயே விரட்டிவிடும். இரண்டாவது, அடக்கிவிடும், ஆனால் புரோவைரஸ் உள்ளே தங்கிவிடும். அப்போது பி27 நெகடிவ், பிசிஆர் பாசிடிவ். இந்தப் பூனை பொதுவாக வைரஸைப் பரப்பாது, பல வருடம் நன்றாகவே வாழலாம். ஆனால் எதிர்ப்புசக்தி குறைந்தால் வைரஸ் மறுபடி விழித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இதன் ரத்தத்தை வேறு பூனைக்கு ஏற்றவும் கூடாது. மூன்றாவது, வைரஸ் அடங்காமல் பெருகிக்கொண்டே இருக்கும். இந்த நிலையில் உள்ளவற்றில் பெரும்பாலானவை சுமார் மூன்று வருடத்துக்குள் இறந்துவிடுகின்றன.

முதல் நாள் விழுந்த இரண்டு கோடு, இரண்டாவதா மூன்றாவதா என்று சொல்லாது. தொற்றிய ஆரம்பத்தில் இரண்டு வகையிலுமே பி27 தெரியலாம். ஒற்றைக் கோட்டையும் அப்படியே நம்ப முடியாது. தொற்றி 30 நாள் வரைகூட நெகடிவ் காட்டலாம். அதனால்தான் மறுபடி டெஸ்ட் அவசியம்.

இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் அவகாசம் கேட்டோம். அவரும் மறுக்கவில்லை. பூனைகளைத் தனித்தனி அறையில் வைத்தோம். ஆறு வாரம் கழித்து ஆய்வகத்துக்கு ரத்தம் போனது. பெரிய பூனைக்கு பி27 நெகடிவ், புரோவைரஸ் பாசிடிவ். அடக்கிவிட்டது! குட்டிக்கு இரண்டுமே பாசிடிவ். சில மாதம் கழித்துச் செய்த டெஸ்ட்டிலும் அதேதான். ஒரே கிண்ணம், ஒரே வைரஸ், இரண்டு முடிவு. வயது ஒரு முக்கியக் காரணம். குட்டிகளின் உடலால் இதை அடக்குவது கடினம். பெரியது ஏற்கனவே எதிர்த்து நின்றது என்பதால், டாக்டரிடம் பேசிவிட்டு நடுவில் இருந்த கதவைத் திறந்தோம்.

வைரஸை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. ஆனால் பராமரிப்பு இருக்கிறது: வெளியே விடாமல் வளர்ப்பது, கருத்தடை, பச்சை மாமிசம் கொடுக்காமல் இருப்பது, அடிக்கடி டாக்டரிடம் காட்டுவது. தொற்றாத பூனைக்குத் தடுப்பூசி உண்டு, அமெரிக்காவில் 1985லேயே வந்துவிட்டது. ஏற்கனவே தொற்றியிருந்தால் அதனால் பயன் இல்லை. எனவே முதலில் டெஸ்ட், பிறகு ஊசி. புதுப் பூனையைக் கொண்டுவந்தாலும் இதே வரிசைதான். டெஸ்ட் முடியும்வரை தனி அறை, தனிக் கிண்ணம். நாங்கள் தவறவிட்டது இதைத்தான்.

குட்டி அதற்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தது. அதில் பன்னிரண்டு மாதம் ஜன்னல், வெயில், பெரியவன் வால் என்று ஒரு குறையும் இல்லை. கடைசி இரண்டு மாதம் ரத்தசோகை. ஈறு வெளுத்து, சாப்பாட்டை நிறுத்திய பிறகு டாக்டர் மறுபடி "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். இந்த முறை எனக்கும் உடனே புரிந்தது. சரி என்று சொன்னோம்.

பெரியவன் இதை எழுதும்போது கீபோர்டுக்குப் பக்கத்தில் தூங்குகிறான். உங்கள் வீட்டுப் பூனைக்கு இரண்டு கோடு விழுந்தால், அன்றைக்கே எதையும் முடிவு செய்யாதீர்கள். "எந்த டெஸ்ட், மறுபடி எப்போது?" என்று மட்டும் கேளுங்கள்.