டீபாய் அழகு: காபி டம்ளருக்கும் இடம் வேண்டும்!

வீட்டுக்கு ஒரு விருந்தாளி வருகிறார். சோபாவில் உட்காருகிறார். வீட்டுக்காரர் உள்ளே போய்க் காபிக்குச் சொல்லிவிட்டு வருவதற்குள், வந்தவருடைய கண் எங்கே போகும்? பெரும்பாலும் சுவரில் மாட்டிய படத்துக்குப் போகாது. கை எட்டும் தூரத்தில், நேர் எதிரே இருக்கும் டீபாய் மீதுதான் போகும்.

அங்கே என்ன இருக்கிறது? முந்தாநாள் பத்திரிகை, மின்சார பில், டி.வி. ரிமோட், மூக்குக் கண்ணாடி, கல்யாணத்தில் யாரோ கொடுத்த கண்ணாடி அன்னம், தூசி படிந்த பிளாஸ்டிக் ரோஜா! காபி வந்ததும் வைக்க இடமில்லாமல், டவராவைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேச வேண்டியிருக்கிறது.

டீபாயை அழகுபடுத்துவது என்றால், இன்னும் நாலு பொருளை வாங்கி அடுக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதலில் இருப்பதை எடுக்க வேண்டும். அப்புறம்தான் வைக்க வேண்டும்.

முக்காலிதான் டீபாய்

டீபாய் என்ற பெயருக்கும் டீ குடிப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்றால் நம்புவீர்களா? இந்தியில் 'திபாய்' என்றால் மூன்று கால் உடையது என்று பொருள். நாம் முக்காலி என்கிறோமே, அதேதான்! ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது, தேநீரின் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டார்கள். அது நமக்கே திரும்பி வந்து டீபாய் ஆகிவிட்டது. இன்று அதற்கு நாலு கால் இருக்கிறது. பெயரில் மட்டும் மூன்று கால்!

பெங்களூருவில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கூடங்கள் பெரும்பாலும் சிறியவை. அங்கே டீபாயின் அளவு முக்கியம். அதன் உயரம் சோபா இருக்கையின் உயரத்துக்குச் சமமாகவோ, ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் தாழ்ந்தோ இருக்கலாம். சாதாரணமாக 16 முதல் 18 அங்குலம் வரும். நீளம் சோபாவின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் பார்வைக்குப் பொருத்தம். சோபாவுக்கும் டீபாய்க்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி விட்டால், முழங்கால் இடிக்காது, கையும் எட்டும்.

கொலு சொல்லும் பாடம்

வீட்டு அலங்காரம் பற்றி எழுதுகிறவர்கள், பொருள்களை ஒற்றைப்படையில் வையுங்கள் என்று சொல்வார்கள். நம் இல்லத்தரசிகளுக்கு இது புதிதல்ல. நவராத்திரி கொலுவில் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில்தானே படி கட்டுகிறோம்! கர்நாடகத்திலும் தசரா சமயத்தில் 'கொம்பெ ஹப்ப' என்று பொம்மை அடுக்குகிறார்கள். உயரமானது எது, குட்டையானது எது, எதை எதன் பக்கத்தில் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்ற கணக்கு நம் வீட்டுப் பெண்களின் கையிலேயே இருக்கிறது.

ஆனால், ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. கொலு பார்ப்பதற்கு. டீபாய் புழங்குவதற்கு. கொலுவில் காலி இடம் இருந்தால் குறை. டீபாயில் காலி இடம் இல்லாவிட்டால் குறை.

ஆகவே, மேற்பரப்பில் பாதியாவது காலியாக இருக்கட்டும். மீதிப் பாதியில் மூன்று பொருள் போதும். ஒன்று சற்று உயரமானது, ஒன்று நடுத்தரம், ஒன்று தட்டையானது. உயரமானதும் ஓர் அடியைத் தாண்ட வேண்டாம். தாண்டினால், எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் மறையும். பூச்சாடியின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துப் பேசுவது யாருக்கும் சுகமாக இராது!

சிறு சிறு பொருள்களைத் தனித்தனியாகப் பரப்பாமல் ஒரு தாம்பாளத்திலோ மரத் தட்டிலோ சேர்த்து வையுங்கள். நாலு பேர் கூடுதலாக வந்துவிட்டால், தட்டோடு தூக்கி அப்பால் வைத்துவிடலாம். ரிமோட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் ஒரு சின்னப் பெட்டி. பில்லுக்கு டீபாயில் இடமே கிடையாது.

பீதர் கிண்ணம்

என்ன மூன்று பொருள் வைப்பது? எங்கும் கிடைக்கும் கண்ணாடிச் சாமானைவிட, நாம் வாழும் மாநிலத்தின் கைத்தொழில் பொருள் ஒன்று இருந்தால் வீட்டுக்கே ஒரு தனி முகம் வந்துவிடும்.

பெங்களூருவிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர் தொலைவில், கர்நாடகத்தின் வடகோடியில் இருக்கிறது பீதர். பாமினி சுல்தான்களின் தலைநகராக இருந்த ஊர். அங்கே பிறந்ததுதான் பித்ரி வேலை. கன்னங்கரேல் என்ற உலோகத்தில், நிலா வெளிச்சம் போல் வெள்ளிக் கொடிகளும் பூக்களும் ஓடும்.

அது செய்யப்படும் விதமே ஓர் அதிசயம். துத்தநாகம் மிகுதியாகவும் செம்பு கொஞ்சமாகவும் சேர்த்து, மணல் அச்சில் வார்க்கிறார்கள். அரத்தால் ராவி வழவழப்பாக்குகிறார்கள். சிற்றுளியால் சித்திரம் செதுக்கி, அந்தப் பள்ளத்தில் வெள்ளிக் கம்பியையோ தகட்டையோ வைத்துத் தட்டிப் பதிக்கிறார்கள். அந்த நிலையில் உலோகம் வெளிறித்தான் இருக்கும். கடைசியில், பீதர் கோட்டையின் பழைய மண்ணை எடுத்து நவச்சாரத்தோடு தண்ணீரில் கலந்து, பொருளை அதில் பிடிக்கிறார்கள். உலோகம் கறுத்துவிடுகிறது; வெள்ளி மட்டும் வெள்ளியாகவே நிற்கிறது!

2006-ல் பித்ரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023-ல் பீதரைச் சேர்ந்த பித்ரி கலைஞர் ஷா ரஷீத் அகமத் காதரிக்கு பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல பித்ரி கனக்கும். விரலால் தடவினால் வெள்ளி வேலை மேடாகத் தட்டுப்படாது. உலோகத்தோடு சமமாக இழைந்திருக்கும். கறுப்பு, பெயின்ட் பூசியது போல் தடித்துத் தெரியாது.

இங்கே இல்லத்தரசிகளுக்கு ஓர் எச்சரிக்கை. வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைத் தேய்க்கிற பழக்கத்தில், பித்ரி கிண்ணத்தையும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! பித்தளைக்குப் புளி மருந்து, பித்ரிக்கு விஷம். புளியோ, எலுமிச்சையோ, பாத்திரம் பளபளக்கச் செய்யும் பொடியோ பட்டால் அந்தக் கறுப்பு போய்விடும். பீதர் மண் நம் வீட்டில் கிடையாது. மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எப்போதாவது ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவினால் கறுப்பு துலங்கும். ஊறுகாய், எலுமிச்சம்பழம் எதையும் அதில் வைக்க வேண்டாம். அது பார்க்கும் கிண்ணம். பரிமாறும் கிண்ணம் அல்ல.

சன்னபட்டணத்து வண்ணம்

பித்ரி விலை கட்டுப்படியாகவில்லையா? மைசூரு சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் போனால் சன்னபட்டணம். அங்கே செய்யும் மர பொம்மைகள் சிறியவை, வண்ணமானவை, பெரும்பாலும் எல்லோரும் வாங்கக்கூடியவை.

கன்னடத்தில் ஆலெ மரம் என்கிறார்கள். நம் வெட்பாலை மரந்தான். காய்ந்த மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழல விட்டு, உளியால் உருவம் கொடுக்கிறார்கள். சுழலும்போதே வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. பிறகு தாழை ஓலையால் தேய்க்க, கண்ணாடி போல் மின்னுகிறது. மஞ்சள் கிழங்கிலிருந்து மஞ்சள், அவுரியிலிருந்து நீலம் என்று செடி கொடிகளின் சாயத்தையும் பயன்படுத்துகிறார்கள்.

அரக்கு சூட்டில் உருகிப் படிந்தது அல்லவா? ஆகவே அதற்குச் சூடு ஆகாது. கொதிக்கும் காபி டம்ளரை அரக்குத் தட்டின் மேல் நேராக வைத்தால் வளையம் விழும். ஊதுவத்தியையும் அதன்மேல் கொளுத்தி வைக்க வேண்டாம். தண்ணீரில் ஊற வைத்துக் கழுவவும் வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளின் போட்டியில் சன்னபட்டணத்துத் தொழிலாளர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு பொம்மை வாங்கினாலும், அது ஒரு பட்டறையில் ஒரு கைக்கு வேலை.

தஞ்சாவூரும் பக்கத்தில்

பிறந்த ஊரையும் விட்டுவிட வேண்டியதில்லை. பித்ரி கிண்ணத்தின் அருகே தஞ்சாவூர்க் கலைத்தட்டு ஒன்றைச் சிறு தாங்கியில் நிறுத்திப் பாருங்கள். கறுப்பும் வெள்ளியும் ஒரு பக்கம், செம்பும் வெள்ளியும் ஒரு பக்கம். ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். கீழே விரிக்கப் பத்தமடைப் பாய்த் துண்டு ஒன்று இருந்தால் மேலும் அழகு. வந்த கன்னட நண்பர் தஞ்சாவூரைப் பற்றிக் கேட்பார். ஊரிலிருந்து வந்த உறவினர் பீதரைப் பற்றிக் கேட்பார். பேச்சுக்குப் பஞ்சமே வராது.

தலையாட்டி பொம்மை குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அது களிமண்ணும் காகிதக் கூழும். கீழே விழுந்தால் உடைந்துவிடும். விளையாடும் குழந்தை இருந்தால் அலமாரிக்கு மாற்றிவிடுங்கள்.

சாமி சிலைகளை டீபாயில் வைப்பதைப் பெரியவர்கள் விரும்ப மாட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது. டீபாய் காலுக்கு நேரே இருப்பது; எச்சில் டம்ளர் வைக்கப்படுவது. பிள்ளையாருக்குச் சுவர் மாடமே மரியாதை.

தந்தம் வேண்டாம்

மைசூருவின் ஈட்டி மர வேலை உலகப் பிரசித்தம். கரிய மரத்தில் வெளிர் நிறப் பொருளை இழைத்து யானை, மயில், காடு என்று சித்திரம் காட்டுவார்கள். முற்காலத்தில் அதில் யானைத் தந்தம் பதித்தார்கள். இப்போது வேறு மரங்களும் பிளாஸ்டிக்கும் பதிக்கிறார்கள். தந்த வியாபாரம் சட்டப்படி தடை செய்யப்பட்டுவிட்டது. 'பழைய தந்த வேலை, உங்களுக்காக மலிவாகத் தருகிறேன்' என்று யாராவது ரகசியமாகக் கொண்டுவந்தால் கை வைக்காதீர்கள். அழகுக்கு ஆசைப்பட்டு வழக்கை விலைக்கு வாங்க வேண்டாம்.

விலையும் தரமும் தெரியாதவர்கள், கர்நாடக அரசின் 'காவேரி' கைவினைப் பொருள் அங்காடியில் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போவது நல்லது.

பூவும் கொசுவும்

பெங்களூருவில் பூவுக்கா குறைச்சல்? சிட்டி மார்க்கெட்டில் செவ்வந்தியும் சம்பங்கியும் குவிந்து கிடக்கின்றன. பித்தளை உருளியில் தண்ணீர் விட்டு நாலு பூ மிதக்கவிட்டால், ஆயிரம் பிளாஸ்டிக் பூ அதற்கு ஈடாகாது.

ஆனால், டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் பிறக்கிறது. முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம் போதும். ஆகவே தண்ணீரைத் தினமும் கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. உருளியின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும்.

கண்ணாடி டீபாய் வைத்திருப்பவர்கள் கனமான வெண்கலப் பொருளை 'டக்'கென்று வைக்கக் கூடாது. அடியில் வட்டமாக ஒரு கம்பளித் துணியை வெட்டி ஒட்டுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் கூரிய முனைகளுக்கு ரப்பர் உறை போடுங்கள். வாயில் போட்டு விழுங்கக்கூடிய மணி, சோழி, கூழாங்கல் எதுவும் டீபாயில் வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

வருகிற ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். டீபாயில் இருப்பது அத்தனையும் தரையில் இறக்குங்கள். மேற்பரப்பைத் துடையுங்கள். இரண்டு டவரா டம்ளரையும் ஒரு பலகாரத் தட்டையும் முதலில் வைத்துப் பாருங்கள். அவற்றுக்கு வேண்டிய இடம் போக மிச்சம் எவ்வளவோ, அதுதான் அலங்காரத்துக்கு உரிய இடம். பிறகு சோபாவில் உட்கார்ந்து, ஒவ்வொரு இருக்கையிலிருந்தும் எதிரே இருப்பவர் முகம் தெரிகிறதா என்று பாருங்கள்.

மிஞ்சிய பொருள்களைத் தூக்கி எறிய வேண்டாம். கொலு பொம்மை போலவே துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். பொங்கலுக்கு ஒன்று, யுகாதிக்கு ஒன்று, தசராவுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்து வைத்தால், புதிதாக ஒன்றும் வாங்காமலே கூடம் ஆண்டுக்கு மூன்று தடவை புதுசாக இருக்கும்.