காரைக்காலில் பெண்களின் அரசியல் தலைமையும் குடும்பப் பொறுப்பும்

காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு பகுதிகளுள் ஒன்று. காவிரிக் கழிமுகக் கடற்கரையில், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு இடையில் உள்ளது. சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் சுமார் 130 கி.மீ. வடக்கே புதுச்சேரி நகரில் இருக்கின்றன. பிள்ளை வளர்க்கும் பெண் பொதுவாழ்வில் தலைமைப் பொறுப்புக்கு வருவதை இந்தத் தூரமும், உள்ளூரில் தேர்தல் நடைபெறாததும் கடினமாக்குகின்றன.

வீட்டுப் பணியின் நேரம்

நடுவண் அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். குழந்தைகளையும் முதியோரையும் பராமரிக்கும் நேரம் இதில் சேராது. கட்சிக் கூட்டங்களோ பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் நடைபெறுகின்றன. சமையலும் பிள்ளைகளின் படிப்பும் பெண்ணை வீட்டில் எதிர்பார்க்கும் நேரமும் அதுவே.

உள்ளாட்சி என்னும் முதற்படி

குடும்பப் பொறுப்புள்ள பெண்ணுக்கு ஏற்ற முதற்படி உள்ளாட்சிப் பதவியாகும். அலுவலகம் அருகிலேயே இருக்கும். கூட்டம் முடிந்து அன்றே வீடு திரும்பலாம். குடிநீர், வடிகால், தெருவிளக்கு ஆகியவை அவர் அன்றாடம் அறிந்த சிக்கல்கள். அரசியலமைப்பின் 73, 74ஆம் திருத்தங்கள் உள்ளாட்சி இடங்களில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்குகின்றன.

ஆனால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் அறிவிக்கப்பட்டும், இடஒதுக்கீடு தொடர்பான வழக்குகளால் நடைபெறவில்லை. தேர்தல் இல்லாதபோது ஒதுக்கீட்டால் பயனில்லை. எல்லைக்கு அப்பால், நாகப்பட்டினம் மாவட்ட ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து, பல பெண்கள் தலைவர்களாயினர். தமிழ்நாட்டில் ஒதுக்கீடும் 50 விழுக்காடு.

சட்டமன்றம்

முப்பது தொகுதிகளுள் ஐந்து காரைக்காலில் உள்ளன. நெடுங்காடு தனித்தொகுதியில் 2016, 2021 தேர்தல்களில் வென்ற சந்திர பிரியங்கா, 2021இல் அமைச்சரானார். ரேணுகா அப்பாதுரைக்குப் பின் சுமார் 40 ஆண்டுகள் கழித்துப் புதுச்சேரியில் அமைச்சரான பெண் இவர். 2023 அக்டோபரில் அளித்த பதவி விலகல் கடிதத்தில் சாதி, பாலினப் பாகுபாட்டைக் காரணமாகக் குறிப்பிட்டார். இவருடைய தந்தை சந்திரகாசுவும் முன்னாள் அமைச்சர். அரசியல் குடும்பப் பின்னணி இல்லாத பெண்ணுக்கு உள்ளாட்சியே பயிற்சிக் களம்; அது மூடியிருக்கும்போது சட்டமன்றம் மேலும் எட்டாததாகிறது.

இனி வரும் மாற்றம்

மக்களவையிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் 106ஆம் திருத்தம் 2023இல் நிறைவேறியது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட தனிச்சட்டம் இதைப் புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கும் விரிவாக்கியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை ஆகியவற்றுக்குப் பிறகு இது நடைமுறைக்கு வரும் என்பது 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. சட்டம் இடத்தை ஒதுக்கலாம். அப்பணிக்கான நேரம், கணவரும் குடும்பத்தாரும் வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்வதால் மட்டுமே கிடைக்கும்.