தோற்ற பிள்ளையும் நம் விருந்தாளி



பங்குத் திருவிழாவை ஒட்டிச் சிறுவர்களுக்கும் இளையோருக்கும் விளையாட்டுப் போட்டிகள் நடத்துவது நம்மில் பலருக்கும் பழக்கமான ஒன்று. காலையில் மைதானம் நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள். ஓட்டப்பந்தயம், சாக்கு ஓட்டம், கயிறு இழுத்தல் என்று ஒரே ஆரவாரமாக இருக்கும். ஆனால், மாலையில் பரிசளிப்பு நேரம் வரும்போது பார்த்தால், கூட்டம் பாதியாகக் குறைந்திருக்கும். தோற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக வீட்டிற்குப் போயிருப்பார்கள். அவர்களைப் போகச் சொன்னவர் யாருமில்லை. இருக்கச் சொன்னவரும் யாருமில்லை.

இது சிறிய காரியம்போலத் தோன்றலாம். ஆனால், உலக நாடுகளிலிருந்து வளரிளம் வயது வீரர், வீராங்கனைகளை அழைத்துப் பெரும் போட்டிகளை நடத்தும் நகரங்களுக்கு முன்பும் இதே கேள்விதான் நிற்கிறது. வெல்பவர்களுக்குப் பதக்கம் உண்டு. தோற்கும் பிள்ளைக்கு நம்மிடம் என்ன உண்டு? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, 2010-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடைபெற்ற முதல் கோடைக்கால இளையோர் ஒலிம்பிக் விளையாட்டுகளை இன்று சற்று எண்ணிப் பார்ப்போம்.

இளையோருக்கென ஓர் ஒலிம்பிக்

பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் ஜாக் ரோக் அவர்கள், 2001 முதல் 2013 வரை பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தார். இளையோர் விளையாட்டுத் திடலை விட்டு விலகி, திரைகளுக்கு முன் அமர்ந்துவிடுகிறார்கள் என்பது அவரது பெருங்கவலை. பெரியவர்களின் ஒலிம்பிக்கைச் சிறிய அளவில் மறுபடியும் நடத்துவது அவரது நோக்கமாக இருக்கவில்லை. விளையாட்டோடு கல்வியும் பண்பாட்டுப் பகிர்வும் இணைந்த ஒரு கூடுகையை அவர் விரும்பினார். 2007-ஆம் ஆண்டு ஜூலையில் குவாத்தமாலா நகரில் கூடிய ஒலிம்பிக் குழு இந்தத் திட்டத்திற்கு இசைவு அளித்தது.

முதல் போட்டிகளை நடத்தும் வாய்ப்பு யாருக்கு என்ற இறுதி வாக்கெடுப்பில், 2008 பிப்ரவரி 21 அன்று, மாஸ்கோவை 53க்கு 44 என்ற கணக்கில் வென்றது சிங்கப்பூர். தமிழையும் ஆட்சி மொழிகளுள் ஒன்றாகக் கொண்ட அந்தச் சிறு நாட்டிற்கு, ஆயத்தம் செய்யக் கிடைத்தது ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளே. 2010 ஆகஸ்ட் 14 முதல் 26 வரை நடந்த விளையாட்டுகளில், 14 முதல் 18 வயது வரையிலான ஏறத்தாழ 3,600 பேர், 200க்கும் மேற்பட்ட நாடுகள் மற்றும் ஆட்சிப்பகுதிகளிலிருந்து வந்து கலந்துகொண்டனர். 26 விளையாட்டுகளில் 201 போட்டிகள் இடம்பெற்றன.

இந்த எண்களைச் சற்றே கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். வந்திருந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் பதக்கம் இன்றியே வீடு திரும்பியிருக்க வேண்டும். பல ஆண்டுகள் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்த ஒரு பெண்பிள்ளை, கடல் கடந்து வந்து, முதல் நாளிலேயே ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும் நீச்சல் போட்டியில் தோற்றுப்போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அவள் என்ன செய்வாள்?

போட்டி முடிந்தது, விருந்து முடியவில்லை

பெரியவர்களின் ஒலிம்பிக்கில், தம் போட்டி முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுவது வழக்கம். சிங்கப்பூரில் அப்படி அல்ல. முதல் நாளில் தோற்றவரும், கடைசி நாளில் தங்கம் வென்றவரும் விளையாட்டுகள் முடியும்வரை ஒன்றாகத் தங்க வேண்டும் என்பதே அங்கு ஏற்பாடு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதிகளே அவர்களது ஒலிம்பிக் கிராமமாக மாறின.

தங்கவைத்தால் மட்டும் போதுமா? அவர்களுக்கெனப் பண்பாடு மற்றும் கல்வித் திட்டம் ஒன்று தினமும் நடந்தது. உபின் தீவுக்குச் சென்று, வேற்று நாட்டவரோடு ஒரே குழுவாகச் சேர்ந்து சவால்களைச் சந்தித்தனர். புகழ்பெற்ற வீரர்களோடு அமர்ந்து, அவர்களது வெற்றிகளைப் பற்றி மட்டுமல்ல, காயங்களையும் தோல்விகளையும் பற்றிக் கேட்டனர். ஊக்கமருந்தின் தீமை, உடல்நலம், படிப்பையும் பயிற்சியையும் சேர்த்து நடத்தும் வழி ஆகியவையும் பேசப்பட்டன.

இதில் உள்ளூர்ப் பிள்ளைகளின் பங்கு மிக அழகானது. சிங்கப்பூரின் பள்ளிகள், பங்கேற்ற நாடுகளோடு இணைக்கப்பட்டன. தங்களுக்குக் குறிக்கப்பட்ட நாட்டின் வரலாறு, உணவு, உடை ஆகியவற்றைப் பற்றி மாணவர்கள் முன்கூட்டியே படித்தனர். ஒலிம்பிக் கிராமத்தில் அந்நாட்டைப் பற்றிய சிறு அரங்குகளையும் அமைத்தனர். விருந்தினர் வருமுன் அவரைப் பற்றித் தெரிந்துகொள்வதும் விருந்தோம்பலின் ஒரு பகுதி அல்லவா?

போட்டி விதிகளிலும் இதே மனப்பான்மை தெரிந்தது. ஜூடோவிலும் வேறு சில விளையாட்டுகளிலும், வெவ்வேறு நாட்டு ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் சேர்த்துக் கலப்பு அணிகள் அமைக்கப்பட்டன. முந்தைய நாள் எதிரெதிரே நின்றவர்கள், மறுநாள் ஒருவரையொருவர் உற்சாகப்படுத்தினர். குதிரையேற்றத்தில் எவரும் தம் சொந்தக் குதிரையைக் கொண்டுவரவில்லை. போட்டியை நடத்தியவர்களே குதிரைகளைத் தந்தனர். யாருக்கு எந்தக் குதிரை என்பது குலுக்கலில் முடிவானது. விலையுயர்ந்த குதிரை வைத்திருக்கும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைக்கும் அங்கே வேறுபாடு இல்லாமல் போயிற்று.

இடிபாடுகளிலிருந்து வந்த சிறுவர்கள்

அந்த ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரி 12 அன்று, ஹெய்ட்டி நாட்டைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது நமக்கு நினைவிருக்கும். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் பேராலயம் இடிந்தது. அந்நகரின் பேராயர் ஜோசப் செர்ஜ் மியோ அவர்களும் இறந்தார். நாட்டின் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைமையகமும் இடிந்து விழ, அங்கிருந்த பலர் உயிரிழந்தனர். இவ்வளவுக்கும் பிறகு, ஏழே மாதங்களில், ஹெய்ட்டி நாட்டுச் சிறுவர்களின் கால்பந்து அணி சிங்கப்பூரில் வந்து இறங்கியது.

அரையிறுதியில் அவர்கள் சந்தித்தது, போட்டியை நடத்திய சிங்கப்பூர் அணியையே. ஹெய்ட்டி 5-2 என்ற கோல் கணக்கில் வென்றது. இறுதிப் போட்டியில் பொலிவியாவிடம் 0-5 எனத் தோற்று, வெள்ளிப் பதக்கம் பெற்றது. சிங்கப்பூர்ச் சிறுவர்கள் மாண்டினீக்ரோவை வென்று வெண்கலம் பெற்றனர். ஐந்து கோல் வாங்கித் தோற்ற அணி என்று அந்தச் சிறுவர்களைச் சொல்ல நமக்கு மனம் வருமா? தோல்வி என்ற சொல்லுக்கு நாம் தரும் பொருளை அவர்கள் மாற்றிவிட்டார்கள்.

இந்தியாவிலிருந்து சென்ற இளையோர் 6 வெள்ளி, 2 வெண்கலம் என 8 பதக்கங்கள் பெற்றனர். தங்கம் ஒன்றும் இல்லை. பூப்பந்தில் வெள்ளி பெற்ற பிரணாயும், குத்துச்சண்டையில் வெள்ளி பெற்ற சிவ தாபாவும் பின்னாளில் உலக அளவில் பெயர் பெற்றார்கள். அந்த இளம் வயதில் தங்கம் கிடைக்காதது அவர்களது பயணத்தின் முடிவாக இருக்கவில்லை.

செலவைப் பற்றிய கேள்வி

அன்பர்களே, நாணயத்தின் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். இந்த விளையாட்டுகளுக்கு முதலில் கணக்கிடப்பட்ட செலவு ஏறக்குறைய 10 கோடியே 40 இலட்சம் சிங்கப்பூர் டாலர். இறுதியில் அது 38 கோடியே 70 இலட்சமாக உயர்ந்தது. தொடக்கத்தில் குறைவாக மதிப்பிட்டுவிட்டதாக அரசே ஒத்துக்கொண்டது. பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த அரங்குகளையும் விடுதிகளையும் பயன்படுத்திய நாட்டிற்கே இந்த நிலை என்றால், வசதி குறைந்த நாடுகள் என்ன செய்யும் என்ற கேள்வி நியாயமானதே.

பின்னர் நடத்திய நகரங்கள் இதிலிருந்து பாடம் கற்றன எனலாம். 2018-இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரம், தொடக்க விழாவை அரங்கத்திற்குள் நடத்தாமல், நகரின் நடுவே தெருவிலேயே, கட்டணமின்றி மக்கள் அனைவருக்கும் நடத்தியது. ஆண்களும் பெண்களும் சம எண்ணிக்கையில் பங்கேற்ற முதல் ஒலிம்பிக் நிகழ்வும் அதுவே. வீரர்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பு, பின்பு மக்களுக்கான வீடுகளாயிற்று. 2022-ஆம் ஆண்டுக்குரிய விளையாட்டுகள் செனகல் நாட்டின் டக்கார் நகருக்குத் தரப்பட்டு, பெருந்தொற்றுக் காலத்தில் 2026-க்கு ஒத்திவைக்கப்பட்டன. ஆப்பிரிக்கக் கண்டத்திற்கு ஓர் ஒலிம்பிக் நிகழ்வு வழங்கப்பட்டது அதுவே முதல்முறை. 2010-இல் சிங்கப்பூர் நோக்கிச் சென்ற ஒலிம்பிக் சுடர் வழியில் தங்கிச் சென்ற ஐந்து நகரங்களுள் டக்காரும் ஒன்று என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

ஒரு குருவானவர் தந்த சொற்கள்

இன்னும் வேகமாக, இன்னும் உயரமாக, இன்னும் வலிமையாக என்பது ஒலிம்பிக்கின் விருதுவாக்கு என்று அறிவோம். அதைத் தந்தவர் தொமினிக்கன் சபைக் குரு ஹென்றி திதோன் என்பது நம்மில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். பாரிஸ் அருகே ஆர்க்கெய் என்னும் இடத்தில் பள்ளித் தலைவராக இருந்த அவர், 1891-இல் தம் மாணவர்களின் விளையாட்டுகளுக்காக அச்சொற்களைப் பயன்படுத்தினார். அவரது நண்பர் பியர் தெ குபர்த்தென் அவற்றை ஒலிம்பிக் இயக்கத்திற்கு எடுத்துச் சென்றார். ஆகவே, உலகமே அறிந்த அந்த விருதுவாக்கு பிறந்தது பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுத் திடலில்தான். 2021-ஆம் ஆண்டு ஜூலையில் டோக்கியோவில், அந்த மூன்று சொற்களோடு நான்காவதாக ஒன்று சேர்க்கப்பட்டது: ஒன்றாக.

வேகமும் உயரமும் வலிமையும் பிள்ளைகள் கொண்டுவர வேண்டியவை. 'ஒன்றாக' என்பதோ, அவர்களை அழைத்தவர்கள் கொடுக்க வேண்டியது. கோடிகளைச் செலவழித்து அரங்கம் கட்டினாலும், அதைக் கொடுக்கத் தவறினால், நாம் போட்டி நடத்தியிருப்போமே தவிர, பிள்ளைகளை வரவேற்றிருக்க மாட்டோம்.

இதற்கு ஒலிம்பிக் நகரமாக இருக்கவேண்டிய தேவை இல்லை. அடுத்த திருவிழா விளையாட்டுகளில், வெவ்வேறு அன்பியங்களின் பிள்ளைகளைக் கலந்து ஓர் அணியாக்கிப் பார்க்கலாம். அடுத்த பங்கிலிருந்து ஓர் அணி வருகிறதென்றால், அவர்களின் பெயர்களை நம் பிள்ளைகள் முன்பே தெரிந்து வைத்திருக்கலாம். பரிசளிப்புக்கு முன்பு, வென்றவர் தோற்றவர் எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிட ஏற்பாடு செய்யலாம். செலவு அதிகம் ஆகாது.

முதல் சுற்றிலேயே தோற்று, தலை குனிந்து வாசலை நோக்கி நடக்கும் அந்தச் சிறுவனை இந்த முறை நாம் கூப்பிட்டு நிறுத்துவோமா? "எங்கேப்பா போற? சாப்பாடு இருக்கு, இரு" என்று சொல்ல நம்மில் ஒருவர் இருந்தால், அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டும் ஓட வருவான்.