டீசல் குடிக்கிற வண்டி

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஏறுகிற முருங்கைக்காயும் தக்காளியும் மறுநாள் கேரளத்துக் கடைகளில் இருந்தாக வேண்டும். பெரிய லாரிகளுக்கு நடுவே இந்த ஓட்டத்தில் பழைய பிக்கப் வண்டிகளும் உண்டு. பத்துப் பதினைந்து வருஷம் உழைத்த பொலிரோ, பெயின்ட் உரிந்த டாடா 207. லோடு ஏறும் நேரத்தில் டிரைவர்கள் எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் மைலேஜில் வந்து நிற்பார்கள். அதே பேச்சு ஒர்க்‌ஷாப் வாசலிலும் தொடரும்.

“அண்ணே, முன்னெல்லாம் பன்னெண்டு குடுத்துச்சு. இப்ப பத்துக்கே மூச்சு வாங்குது.”

“எப்படித் தம்பி பாத்தே?”

“சும்மா ஒரு கணக்குதாண்ணே.”

அந்தச் ‘சும்மா கணக்கு’தான் முதல் கோளாறு. 500 ரூபாய்க்கு இங்கே, 1,000 ரூபாய்க்கு அங்கே என்று டீசல் போட்டு, டேங்க் முள்ளைப் பார்த்து மைலேஜ் சொல்பவருக்கு வண்டி எவ்வளவு குடிக்கிறது என்பது தெரியவே தெரியாது. ஒரே பங்க்கில் டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, குறைந்தது 300 கிலோமீட்டராவது ஓட்டி, மறுபடி அதே பங்க்கில் முதலில் நிரப்பிய அளவுக்கே நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை இரண்டாம் தடவை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். நுரை அடங்கும்வரை காத்திருந்து டேங்கின் கழுத்துவரை ஒருமுறையும், தானாக நின்றதும் போதும் என்று மறுமுறையும் நிரப்பினால் கணக்கு கெட்டுவிடும். பழைய வண்டிகளில் இன்னொரு சங்கடம், மீட்டர் கேபிள் அறுந்து எத்தனையோ மாதம் ஆகியிருக்கும். கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் மாட்டிய வண்டியிலோ மீட்டர் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும். வண்டி நன்றாகவே ஓடினாலும் மைலேஜ் குறைந்ததுபோலத் தோன்றும்.

இந்தக் கணக்கில் பலர் கவனிக்காத வேடிக்கை ஒன்று உண்டு. 2005-ல் வந்த டாடா ஏஸ், நம்மூரில் குட்டியானை என்று பேரெடுத்தது, 702 சிசி, இரண்டே சிலிண்டர். அதை லிட்டருக்கு 18 கிலோமீட்டரிலிருந்து 20 ஆக்கினால் 100 கிலோமீட்டருக்கு அரை லிட்டரைவிடச் சற்று அதிகமாக மிச்சம். 8 கொடுக்கிற பழைய பிக்கப்பை 10 ஆக்கினால் அதே தூரத்துக்கு இரண்டரை லிட்டர் மிச்சம். இரண்டு இடத்திலும் கூடியது என்னவோ இரண்டு கிலோமீட்டர்தான். நிறையக் குடிக்கிற வண்டியைத் திருத்துவதில்தான் காசு இருக்கிறது. தினம் 150 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி பத்திலிருந்து பன்னிரண்டுக்கு வந்தாலே நாளைக்கு இரண்டரை லிட்டர். லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிய காலத்தில், மாதம் 25 நாள் ஓட்டத்துக்கு 5,600 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும்.

ஆனால் புதிதில் இல்லாத மைலேஜைப் பழைய வண்டியில் யாராலும் வரவழைக்க முடியாது. வழியில் சிந்துவதைத்தான் தடுக்க முடியும். 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசலின் எஞ்சினைச் சோதித்தபோது, எரிபொருளின் ஆற்றலில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. நீராவி எஞ்சின்களுக்குப் பத்து சதவீதமே பெரிய காரியமாக இருந்த காலம் அது. இன்றைய பழைய பிக்கப்பிலும் நல்ல நிலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் எஞ்சினிலிருந்து வேலையாக வெளியே வருகிறது. மீதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெறும் சூடாகப் போகிறது. கைக்குக் கிடைத்த அந்த ஒரு பங்கில்தான் டயரும் பிரேக்கும் எதிர்க்காற்றும் கூறு போட்டுக்கொள்கின்றன.

டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க டிரைவர்கள் இரும்புக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். ‘டங்’ என்றால் சரி, ‘தொப்’ என்றால் காற்றடிக்க வேண்டும். சுத்தமாகக் காற்று இறங்கிய டயரைக் கண்டுபிடிக்க இந்த வைத்தியம் போதும். 65 இருக்க வேண்டிய இடத்தில் 50 பி.எஸ்.ஐ. இருப்பதை எந்தக் காதாலும் கண்டுபிடிக்க முடியாது. எல்லா டயரிலும் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 15 குறைந்தால் 3 சதவீதம். முந்நூறு ரூபாய் கேஜ் ஒன்று டேஷ்போர்டில் கிடந்தால் அந்த மூன்று சதவீதம் வீட்டுக்கு வரும். டயர் சூடாக இருக்கும்போது அளந்தால் காற்று கூடுதலாகக் காட்டும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பார்ப்பதுதான் சரி.

பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது இதைவிட மோசமான திருட்டு, சத்தமே வராது. நல்ல ஓட்டத்துக்குப் பிறகு டீக்கடையில் நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால் (தொட வேண்டாம், தோல் உரிந்துவிடும்) ஒன்று மட்டும் அனலாக அடிக்கும். அந்தச் சக்கரத்தில் பிரேக் முழுதாக விடவில்லை. ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது வீல் சிலிண்டர் திரும்பாமல் நிற்கும். சந்தேகம் இருந்தால் ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுழற்றலாம். லேசாகத் தள்ளியதும் நின்றுபோகிற முன்சக்கரம், வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டீசல் வாங்கிக்கொண்டிருக்கிறது.

நம்மூர் ஒர்க்‌ஷாப்புகளில் ஊறிப்போன பழக்கம் ஒன்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. எஞ்சின் சுமார் 80 டிகிரி சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் சின்ன வால்வு அது. எப்போதாவது மூடியபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதித்துவிடும். “நம்ம வெயிலுக்கு இது எதுக்கு?” என்று ஒருமுறை கழற்றியதோடு சரி, அப்புறம் யாரும் மாட்டுவதில்லை. அதற்குப் பிறகு எஞ்சின் அதற்குரிய சூட்டுக்கு வரவே நேரமாகும். எஞ்சின் ஆயில் கெட்டியாகவே சுற்றும், உராய்வு கூடும், சிலிண்டர் சுவர் குளிர்ந்திருப்பதால் எரிந்த சூட்டில் பெரும் பங்கை அதுவே இழுத்துக்கொள்ளும். சந்தைக்கும் கடைக்கும் குறுக்கே சின்னச் சின்ன ஓட்டம் ஓடுகிற வண்டிக்கு இது நேரடி நஷ்டம். டெம்பரேச்சர் முள் எந்நேரமும் அடியிலேயே படுத்திருக்கிற வண்டியைப் பார்த்தால் எஞ்சின் கூலாக இருக்கிறது என்று மகிழ்வதற்கு ஒன்றுமில்லை.

புகைக்கு மூன்று நிறம். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடான எஞ்சினிலும் வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது. கறுப்பு என்றால் கிடைத்த காற்றுக்கு மிஞ்சி டீசல் போகிறது. டீசலைக் காசு கொடுத்து வாங்கிக் கரியாக ஊதுவதுதான் கரும்புகை. இதைத் தெரிந்தே செய்பவர்களும் உண்டு. லோடு கூடுதலாக ஏற்றியபோது வண்டி இழுக்கவில்லை என்று பம்ப் மெக்கானிக்கிடம் சொல்லி டீசல் அளவைக் கூட்டும் ஸ்க்ரூவை ஏற்றிவைப்பார்கள். ஏற்றத்தில் வண்டி பறக்கும், பின்னால் பைக்கில் வருகிறவர் முகம் கறுக்கும், மைலேஜ் படுக்கும்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் கரும்புகைக்குப் பாதிக் காரணம் நாசில். பம்ப் கடையில் நாசிலைக் கைப்பம்ப்பில் மாட்டி அழுத்திக் காட்டச் சொன்னால் யாருக்கும் புரியும். நல்ல நாசில் ‘கர்ர்’ என்ற சத்தத்தோடு பனிப்புகைபோல டீசலைத் தூவும். தேய்ந்த நாசில் ஒரு பக்கமாகப் பீய்ச்சும். அழுத்தம் நின்ற பிறகும் நுனியில் ஒரு சொட்டு தொங்கும். அந்தச் சொட்டு காற்றோடு கலக்க வாய்ப்பே இல்லை, கரியாகத்தான் போகும். காமன் ரெயில் வந்த பிறகான வண்டிகளில் வேறு சோதனை: நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு சின்ன பாட்டில்களில் விட்டு எஞ்சினை ஓடவிடுவார்கள். எந்த பாட்டில் சீக்கிரம் நிரம்புகிறதோ அந்த இன்ஜெக்டர் கசிகிறது. மீதிப் பாதிக் காரணம் காற்றுப் பக்கம். ஏர் பில்டர் அடைத்தால் காற்று குறையும், ஆனால் பழைய பம்ப் தன் பங்கு டீசலைக் குறைக்காமல் தள்ளும். டர்போவிலிருந்து போகிற ரப்பர் ஹோஸில் உள்ள கீறல், வண்டி நிற்கும்போது மூடியிருந்து லோடு இழுக்கும்போது மட்டும் வாய் திறக்கும். ஹோஸ் மேல் ஓரிடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருந்தால் விரலை அங்கே வைத்துப் பார்க்க வேண்டும்.

கொடைக்கானல் மலையிலிருந்து கேரட்டும் பீன்ஸும் இறக்கி வரும் டிரைவர்களில் பலருக்கு நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்பது பரம்பரை நம்பிக்கை. நடப்பது இதற்கு நேர்மாறு. கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், ஐடில் வேகத்துக்கு மேல் சுற்றும்வரை பம்பின் கவர்னர் டீசலை முழுவதுமாக நிறுத்திவிடும். எஞ்சினைச் சக்கரம்தான் சுற்றுகிறது. நியூட்ரலுக்குத் தள்ளியதும் எஞ்சின் நின்றுபோகாமல் இருக்க டீசல் வேண்டும். பிக்கப் எஞ்சின் சும்மா ஓட மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கும். இது டீசல் கணக்கு. உயிர்க் கணக்கு வேறு: நியூட்ரலில் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது, முழுச் சுமையும் பிரேக் மேல் விழும், பத்தாவது வளைவில் லைனிங் சூடேறி மிதித்தாலும் நிற்காது. எஞ்சினையே அணைத்து உருட்டுபவர்கள் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவத்தையும் பவர் ஸ்டீயரிங்கையும் சேர்த்தே அணைக்கிறார்கள்.

சமவெளிக்கு வந்ததும் எதிரி காற்று. 60-லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்துக்குப் போனால் எதிர்க்காற்றின் விசை 78 சதவீதம் கூடும். 1973-ல் கலிபோர்னியாவில் நாசாவின் விமான ஆராய்ச்சி மையப் பொறியாளர் எட் சால்ட்ஸ்மன் சைக்கிளில் போகும்போது, பெரிய லாரிகள் கடக்கையில் காற்று முதலில் தன்னை ஓரமாகத் தள்ளுவதையும் பிறகு லாரிப் பக்கம் இழுப்பதையும் கவனித்தார். இதைச் சோதிக்க மையத்தினர் பழைய ஃபோர்டு வேன் ஒன்றை அலுமினியத் தகடு போர்த்திக் கூர்மூலைப் பெட்டியாக்கி ஓட்டினார்கள். மூலைகளை வளைத்ததும் காற்றுத் தடை பாதிக்கு மேல் குறைந்தது. நம் பிக்கப்புகளின் கூண்டை யாரும் வளைக்கப் போவதில்லை. ஆனால் காலியாகத் திரும்பும்போது கேபினுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிச் சட்டத்தைக் கழற்றி வைக்கலாம், படபடக்கும் தார்ப்பாயை இழுத்துக் கட்டலாம். பின்கதவை இறக்கிவிட்டால் காற்று தாராளமாகப் போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. மித்பஸ்டர்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இரண்டு பிக்கப்புகளை ஓட்டிப் பார்த்தபோது, கதவை மூடிய வண்டிதான் கூடுதல் தூரம் போனது. மூடிய தொட்டிக்குள் காற்று சுழன்று மெத்தைபோலத் தங்கிவிடுகிறது. மேலே வருகிற காற்று அதன்மீது வழுக்கிக்கொண்டு போகிறது. பெட்ரோலியப் பொருள் சேமிப்புக்கான பி.சி.ஆர்.ஏ. அமைப்பு பல வருஷமாகச் சொல்லிவருவது 45 முதல் 55 கிலோமீட்டர் வேகம். நான்குவழிச் சாலையில் காய்கறியோடு போகிறவரிடம் 50-ல் போ என்றால் சிரிப்பார். 80-ஐ 65 ஆக்கச் சொன்னால் ஒருவேளை கேட்பார்.

சிக்னலில் எஞ்சினை அணைக்கலாமா? நீண்ட சிக்னல் என்றால் அணைக்கலாம். பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் பழசாகி, ஸ்டார்ட் ஆகுமா ஆகாதா என்று சாமி கும்பிட வேண்டிய வண்டியில் வேண்டாம். டர்போ வண்டியை மலையேறி வந்த சூட்டோடு உடனே அணைக்கவும் கூடாது. அரை நிமிஷம் ஓடவிட்டால் டர்போ தப்பிக்கும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு டீசல் குழாயில் காந்தம் மாட்டுபவர்களும், டேங்கில் மாத்திரை போடுபவர்களும் குறையவில்லை. 1990-களில் மூலிகைப் பெட்ரோலை நம்பிய நாட்டில் இதில் ஆச்சரியமில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைப் பரிசீலித்தது. மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டிய ஒன்றுகூட அவற்றில் இல்லை.

நாசில், டயர் என்று கையில் இருக்கிற காசை இறக்குவதற்கு முன் இன்னொரு சோதனை பாக்கி. அதற்கு ஒரு பைசா செலவில்லை. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதே துளைமேல் கவிழ்த்து வைக்க வேண்டும். மூடி லேசாக நடுங்கினால் பாதகமில்லை. புகை தள்ளி மூடி குதித்துக் கீழே விழுந்தால் மெக்கானிக் “பேக் கம்ப்ரெஷன் அடிக்குது” என்பார். பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்து, பிஸ்டனைத் தள்ள வேண்டிய அழுத்தம் ஆயில் தொட்டிக்குள் இறங்குகிறது. அந்த எஞ்சினுக்குப் புது நாசில் போட்டும் பயன் குறைவு. ரிங்கையும் லைனரையும் சரிசெய்யும் போர் வேலைக்கு ஆகும் தொகையை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி, எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் வருகிற எஃப்சி செலவையும் அதன் கீழே எழுதி, வண்டியை வைத்துக்கொள்வதா விற்பதா என்று ஓனர் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியதுதான்.